கோலா வரி 40%: ஏத்தினாங்களா, ஏத்தவே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
"சர்க்கரை நோயை ஒழிக்க கோலா ஜிஎஸ்டியை 28லேர்ந்து 40 ஆக்கிட்டாங்க, துணிச்சலான முடிவு"ன்னு பக்கத்து இழையில ஒருத்தர் மாலை போட்டிருக்கார். ஐயா, புது விகிதம் வந்த 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடியும் வரி 28, அதுக்கு மேல செஸ்னு ஒரு கூடுதல் வரி 12. கூட்டினா 40. ஒரு பைசா ஏறல.

நலம்விரும்பி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். அந்த 12%, ஜிஎஸ்டியால வருமானம் இழந்த மாநிலங்களுக்கு நஷ்டஈடு கொடுக்கப் போட்ட செஸ். இப்ப வரி விகிதமே 40. ரெண்டும் ஒண்ணா?

கணக்குப்பிள்ளை:
குடிக்கிறவன் செஸ் எது, வரி எதுன்னு பாத்தா குடிக்கிறான்? ஏற்கெனவே 40. விலை நகரலைன்னா எவன் குறைப்பான்?

மளிகை மாரி:
10 ரூபா கேம்பா கோலா வந்ததுலேர்ந்து ஸ்கூல் விட்டா நம்ம கடை ஃபிரிட்ஜ் காலி. வரியும் சேர்ந்த அந்தப் பத்துல 2 ரூபா 86 காசு வரி, அப்பவும் போட்டி போட்டு விக்கிறான். அதே செப்டம்பர் 22ல பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் 18லேர்ந்து 5. இதுதான் சுகர் ஒழிப்பா சார்?

நலம்விரும்பி:
பிஸ்கட் பேச்சு வேற. மெக்சிகோவில 2014ல சர்க்கரை பானத்துக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டதும் விற்பனை குறைஞ்சுது. அதுக்கு என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை:
அங்க புதுசா போட்டான். இங்க ஏற்கெனவே 40! பிரிட்டனையும் பாருங்க. 2018ல போட்ட வரியில 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழ சர்க்கரைன்னா வரியே கிடையாது, 8 கிராம் ஆச்சுன்னா லிட்டருக்கு 24 பென்ஸ். வரி வர்றதுக்குள்ளயே நிறைய கம்பெனி சர்க்கரையைக் குறைச்சிட்டான். இங்க 11 கிராம் போட்டாலும் 40, சர்க்கரையே இல்லாத டயட் டின்னுக்கும் 40. அப்புறம் எதுக்குய்யா குறைப்பான்?

கோலிசோடா:
பன்னீர் சோடா போடுற எங்களுக்கும் அதே 40தான். சின்ன வியாபாரிங்க விற்பனையில ஒரு சின்ன சதவீதம் மட்டும் கட்டுற காம்போசிஷன் திட்டத்துலயும் சேர முடியாது. இதுக்கு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டீங்களே.

நலம்விரும்பி:
பன்னீர் சோடாலயும் சர்க்கரைதானே அண்ணே.

கோலிசோடா:
கல்யாண வீட்டுல ஓசியில ரெண்டு பாட்டில் உள்ள போறப்ப அது தெரியலையாக்கும்.

மளிகை மாரி:
2016ல கேரளாவுல பிராண்டட் கடை பர்கர், பீட்சாவுக்கு 14.5% கொழுப்பு வரி போட்டாங்க. பரோட்டாக் கடைக்காரர் சிரிச்சிட்டே மாவு பிசைஞ்சார். மறுவருஷம் ஜிஎஸ்டி வந்து அதையும் முழுங்கிடுச்சு.

நலம்விரும்பி:
பெட்ரோல் விவாதத்துல பதில் சொல்லாம ஓடினவருக்கு இங்க மட்டும் இவ்ளோ வீரம்.

கணக்குப்பிள்ளை:
ஓடினது யாரு? பெட்ரோல் ஜிஎஸ்டியிலயே இல்லைன்னு மூணு வாட்டி சொன்னேன், மண்டையில ஏறல. இப்ப 28ஐயும் 12ஐயும் கூட்டச் சொன்னா அதுவும் முடியல. ஏற்கெனவே 40!

நலம்விரும்பி:
செஸ்ஸை வரியில சேக்கிற இந்தக் கணக்கை நல்ல ஆடிட்டர்கிட்ட காட்டுங்க.

கணக்குப்பிள்ளை:
ஆடிட்டரே நான்தான்யா.

நலம்விரும்பி:
அதான் பயமா இருக்கு.