டைமண்ட் வடிவம் என்பதும் சாய்சதுரம் என்பதும் ஒன்றுதானா?

கேள்வி: குடியாத்தம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் 60 செ.மீ. சதுர டைல்களை, மூலை சுவரைப் பார்க்குமாறு திருப்பிப் பதித்த கொத்தனார், அதற்கு ‘டைமண்ட் மாடல்’ என்று பெயர் சொன்னார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், எப்படித் திருப்பினாலும் சதுரம் சதுரம்தான், டைமண்ட் என்றால் சாய்சதுரம், ஆகவே அவர் சொன்னது தவறு என்கிறாள். என் மனைவியோ, சாய்த்து வைத்த சதுரம்தானே சாய்சதுரம் என்று கேட்கிறார். யார் சொல்வது சரி என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: காட்பாடி, கணித ஆசிரியை

ஐயா, சாய்சதுரம் என்ற பெயரே இக்குழப்பத்துக்கு இடம் கொடுக்கிறது. நான்கு பக்கங்களும் சமமாக உள்ள நாற்கரம் சாய்சதுரம். அது எந்தத் திசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இலக்கணத்தில் இடமே இல்லை. லாங்கு பஜார் கடைகளில் பக்கவாட்டில் இழுத்து மூடும் இரும்புக் கேட்டைப் பாருங்கள். குறுக்குப் பட்டைகளின் நீளம் மாறாததால், அவற்றுக்கு இடையிலுள்ள கட்டம் எப்போதும் சாய்சதுரமாகவே இருக்கிறது. கேட்டைத் திறக்கும்போது அது ஒடுங்கி உயர்கிறது, மூடும்போது அகன்று தாழ்கிறது, கோணங்கள் நான்கும் 90° ஆகும் நிலையில் சதுரமாகவும் ஆகிறது. அப்போதும் அது சாய்சதுரம்தான். எல்லாச் சதுரங்களும் சாய்சதுரங்களே; எல்லாச் சாய்சதுரங்களும் சதுரங்கள் அல்ல.

எனவே திருப்புவதால் வடிவம் மாறாது என்ற உங்கள் மகளின் கூற்று சரி. ஆனால் கொத்தனாரும் தவறு செய்யவில்லை. டைமண்ட் என்பது கணிதப் பெயர் அன்று, மூலையில் நிற்கும் நிலையைக் குறிக்கும் வழக்குச் சொல். உங்கள் துணைவியாரிடம், அந்த டைல் பெட்டியில் இருந்தபோதே சாய்சதுரம்தான் என்று சொல்லுங்கள்.

பதில்: ஆரணி

கோலம் போடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கைப்பழக்கம். நேர்ப்புள்ளியில் 7 வைத்து, இருபுறமும் 5, 3, 1 என்று குறைத்தால் 25 புள்ளிகள் வரும்; அதன் வெளிவரம்பு மூலையில் நிற்கும் சதுரம். சந்துப்புள்ளியில் 4 வைத்து 3, 2, 1 என்று குறைத்தால் 16 புள்ளிகள். அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி எல்லாத் திசையிலும் சமமாக இருந்தால், 60°, 120° கோணங்கள் கொண்ட, சதுரமல்லாத சாய்சதுரம் கிடைக்கும். இரண்டிலும் ஏழு வரிசைகள்தான். இரண்டையும் நாங்கள் டைமண்ட் என்றே சொல்கிறோம்.

பதில்: வேலூர்

வைரக்கல்லிலேயே இவ்விரண்டு உருவங்களும் இருக்கின்றன என்பது எனக்குப் பெருவியப்பு. பட்டை தீட்டாத வைரப் படிகம் பெரும்பாலும் எண்முகியாக, அதாவது இரண்டு சதுரக் கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது போல இருக்கும். குறையற்ற எண்முகியை ஓர் உச்சியின் நேரே பார்த்தால் சதுரம் தெரியும்; ஒரு விளிம்பின் நடுப்பகுதியை நேராகப் பார்த்தால் ஏறத்தாழ 70.5°, 109.5° கோணங்கள் கொண்ட சாய்சதுரம் தெரியும். சீட்டுக்கட்டில் நாம் டைமன் என்று சொல்லும் சின்னத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘காரோ’ என்கிறார்கள். அச்சொல்லுக்குத் தரையில் பதிக்கும் ஓடு என்றும் பொருள் உண்டு.

கேள்வி கேட்டவர்

மகளை அளக்கச் சொன்னேன். டைலின் மூலைவிட்டங்கள் இரண்டும் 85 செ.மீ.க்குச் சற்றே குறைவாக, சமமாக இருந்தன. ஜன்னல் கிரில்லின் கட்டத்தில் ஒன்று 20 செ.மீ., மற்றது 12 செ.மீ. இரண்டுக்கும் சாய்சதுரம் என்ற பெயர் பொருந்தும், முதலாவதற்கு மட்டும் சதுரம் என்ற பெயரும் உண்டு என்று அவளே நோட்டில் எழுதிக்கொண்டாள். மூவருக்கும் நன்றி.