ஆச்சி வீட்டு டின்னில் இரண்டு கைகள்: அமெரிக்கா அன்று கொடுத்தது இனாமா, விலைக்கா?

கேள்வி: முத்துவேல், சங்கரன்கோவில்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆச்சி வீட்டு அடுக்களையில் ஒரு பழைய தகர டின் இருக்கிறது. சதுர டின். மேல்பக்கத்தை வெட்டி, கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்பை உள்ளே மடக்கித் தட்டியிருக்கிறார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில் உளுந்துதான். போன வாரம் உளுந்தில் வண்டு விழுந்துவிட்டது என்று கொட்டிக் கழுவி வெயிலில் வைத்தபோதுதான் பின்பக்கம் ஒரு படம் இருப்பதைப் பார்த்தேன். கேடயம் மாதிரி ஒன்று, மேலே நட்சத்திரங்கள், கீழே சிவப்புக் கோடுகள், நடுவில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கின்றன. அமெரிக்க மக்கள் கொடுத்தது, விற்கவோ மாற்றவோ கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

ஆச்சி அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கப் போனவர். "எண்ணெய் வந்த டின்னுடா, காலியானதும் பெரிய டீச்சர் கொண்டுபோகச் சொன்னாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

நான் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். 2025 ஜூலையில் யு.எஸ்.எய்ட் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடிய செய்தி வந்தபோது எங்கள் படிப்பு வட்டத்தில் பெரிய வாக்குவாதம். ஒருவன் சொல்கிறான், இந்தியா அன்று கப்பல் கப்பலாக இனாமாக வாங்கித்தான் உயிர் பிழைத்தது என்று. இன்னொருவன், இல்லை, எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தோம், 1974-ல் அதை அமெரிக்காவே காசோலையாகத் திருப்பித் தந்தது என்கிறான். எது உண்மை? இனாம் என்றால் பணம் எதற்கு? பணம் கொடுத்தோம் என்றால் டின்னில் ஏன் அப்படி எழுதியிருக்கிறது?

பதில்: ராஜகுரு

உதவி என்று ஒன்று கிடையவே கிடையாது. தங்கள் ஊரில் மிஞ்சிப்போன கோதுமையைக் கொட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது, இங்கே கொட்டினார்கள். கூடவே பார்த்தீனியம் விதையையும் அனுப்பி நம் நிலத்தைப் பாழாக்கினார்கள். இன்று ரோட்டோரம் முழுக்க அதுதான். தேர்வுக்கு எதை வேண்டுமானாலும் படியுங்கள், உண்மை இதுதான்.

பதில்: கரிசல் வாத்தியார், கோவில்பட்டி

தம்பி முத்துவேல், உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதும் உண்மை. இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நான் 1959-ல் பிறந்தவன். அந்த டின்னில் வந்த எண்ணெயில் தாளித்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவன். அப்புறம் முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தத் தானியமும் எண்ணெயும் வந்தது ஒரு சட்டத்தின் கீழ். அமெரிக்காவில் 1954 ஜூலையில் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டது. பொதுச் சட்டம் 480, சுருக்கமாக பி.எல். 480. அவர்கள் கிட்டங்கிகளில் தானியம் மலையாகக் குவிந்து கிடந்தது என்பதில் ராஜகுரு சொல்வது சரி. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவு விற்பனை. இந்தியா 1956 ஆகஸ்டில் அதில் சேர்ந்தது. விற்பனைதான், ஆனால் நம்மிடம் டாலர் இல்லை என்பதால் ரூபாயிலேயே விலை கொடுக்கலாம். ரேஷன் கடையில் விற்ற கோதுமை இந்தக் கணக்கில் வந்தது. கொடைக்குத் தனிப் பிரிவு உண்டு. கேர் போன்ற தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் விலையில்லாமல் வந்த பால் பவுடர், எண்ணெய், மாவு எல்லாம் இதில் சேரும். உங்கள் ஆச்சி வீட்டு டின் இந்தக் கொடைக் கணக்கு. விற்கக் கூடாது என்று எழுதியிருப்பதே அதற்கு அடையாளம்.

நம் மாநிலத்தில் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் காமராஜர் அரசு தொடங்கியபோது அதில் அமெரிக்கப் பொருள் எதுவும் இல்லை. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டார். சனங்கள் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்தார்கள். கேர் உள்ளே வந்தது 1961-ல். இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் மூட்டிய அடுப்புக்குத்தான் அந்த எண்ணெய் வந்து சேர்ந்தது.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பக்கம் மழை சுத்தமாக இல்லை. கம்பு கருகிப்போனது. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கல் கூட்டிய அடுப்பில் மஞ்சள் சோள மாவு உப்புமா கிண்டுவார்கள். வீட்டுச் சோளம் மாதிரி இருக்காது, லேசாக இனிக்கும், ஆறினால் கட்டியாகிவிடும். வரிசையில் தட்டை நீட்டினால் கரண்டியைத் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டிப் போடுவார் சமையல்கார அம்மா. பால் பவுடரைக் காய்ச்சித்தான் தர வேண்டும். நாங்கள் கேட்போமா? மூட்டை ஓரத்தில் சிந்தியதை விரலால் தொட்டு வாயில் போட்டால் அப்படியே மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாக்கால் தள்ளித் தள்ளி மணி அடிக்கும் வரைக்கும் கரைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். கோதுமை வந்த வெள்ளைத் துணிச் சாக்கில் என் அம்மா எனக்கு ஒரு கால்சட்டை தைத்தார். எத்தனை தடவை வெளுத்தும் அந்த நீல எழுத்து போகவில்லை.

அந்த வருடம் என் வகுப்பில் நாற்பது பேர் இருந்திருப்போம். பாதிப் பேருக்கு அன்றைக்கு அதுதான் முதல் சாப்பாடு. இதைப் பிச்சை என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. பசித்த பிள்ளைக்குச் சோறு வந்தது. கொடுத்த நாட்டின் கணக்கு என்னவாக இருந்தாலும் எங்கள் வயிற்றுக்குள் போனது நிஜம்.

ஆனால் ரேஷன் கடைக் கோதுமையின் கதை வேறு. அதைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். 1960-ல் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் ஒரு பெரிய ஒப்பந்தம் போட்டார். நான்கு வருடத்துக்கு 1.6 கோடி டன் கோதுமை, கூடவே 10 லட்சம் டன் அரிசி. வந்துகொண்டே இருக்கும் என்ற தைரியத்தில் டெல்லி இங்கே விவசாயியைக் கண்டுகொள்ளவில்லை என்பது என் கருத்து. கப்பலில் மலிவாக வரும்போது நம்மவன் விளைத்ததற்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? அப்புறம் 1965, 1966 இரண்டு வருடமும் வரிசையாக மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. கப்பலில் இறங்குவது நேரே வாய்க்குப் போகிறது என்று அன்று பேசிக்கொண்டார்கள். அது மிகை இல்லை.

அந்த நேரம் பார்த்து அதிபர் ஜான்சன் கயிற்றை இறுக்கினார். பல வருட ஒப்பந்தம் போய், சில மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விடுவது என்று ஆனது. எந்தக் கப்பல் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். விவசாயக் கொள்கையை மாற்று என்பது ஒரு காரணம். வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. 1966 மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனார். ஜூன் 6-ம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு. உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கிய நெருக்குதலில் நடந்தது அது. பாதிக் கோதுமை அமெரிக்கக் கப்பலில்தான் வர வேண்டும் என்றுகூட அவர்கள் சட்டத்தில் உண்டு. உதவி என்ற சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருந்தது.

என் அப்பா ரேஷன் கடை வரிசையில் விடியற்காலையில் போய்ப் பை போட்டு இடம் பிடிப்பார். சிவப்புக் கோதுமை தருவார்கள். சப்பாத்தி போட யாருக்குத் தெரியும்? உரலில் குத்தி, உடைத்து, கஞ்சிதான். 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று 1967 தேர்தலில் அண்ணா சொன்னதற்கு ஏன் அத்தனை வலு இருந்தது என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இதிலிருந்து வெளியே வர வழி தேடியவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். அப்போது உணவு அமைச்சர். இந்திய உணவுக் கழகம் 1965 பொங்கல் அன்று தொடங்கியது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். விளைச்சலுக்கு உறுதியான விலை, கொள்முதல் எல்லாம் அவர் காலத்தில் உருப்பெற்றவை. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் பக்கபலமாக இருந்தார்கள். 1966-67-ல் சுமார் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் அடுத்த வருடமே 1.65 கோடி டன். 1971-க்குப் பிறகு ரூபாய்க் கோதுமை வாங்குவது நின்றுபோனது.

சரி, காசோலைக்கு வருகிறேன். நாம் கொடுத்த ரூபாய் முழுவதும் நம் நாட்டிலேயே அமெரிக்காவின் பெயரில் சேர்ந்துகொண்டே போனது. கொஞ்சத்தைத் தூதரகச் செலவுக்கு எடுத்தார்கள், நிறைய நமக்கே கடனாகவும் மானியமாகவும் தந்தார்கள், வட்டியோடு மறுபடி சேர்ந்தது. நம் நாட்டு நோட்டு இத்தனை இன்னொரு நாட்டின் கையில் இருப்பது நமக்கும் ஆபத்து, அவர்களுக்கும் செலவழிக்க வழியில்லை. கடைசியில் 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதிக் கொடுத்தார். அதுவரை எழுதப்பட்ட காசோலைகளிலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆக, விலைக்கு வாங்கினோம், வாங்கிய விலையில் பெரும்பகுதி பிறகு இனாமானது. தேர்வில் கேட்டால் இப்படியே எழுதுங்கள்.

பதில்: நாச்சியார், சிகாகோ

வாத்தியார் ஐயா, அந்த ரூபாயில் ஒரு துளி எங்கே போனது என்று நான் சொல்கிறேன். நான் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். நூலக அடுக்கில் 1960-களில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. எங்கள் ஊரில் தேடியும் கிடைக்காத சின்னப் பதிப்பகங்களின் நாவல்கள், சிறுகதைகள். இத்தனை எப்படி இங்கே வந்தன என்று நூலகரிடம் கேட்டேன். இந்தியாவில் தேங்கிய கோதுமை ரூபாயில் வாங்கியவை என்றார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962-ல் இருந்து டெல்லியில் அலுவலகம் வைத்து எல்லா இந்திய மொழிகளிலும் புத்தகம் வாங்கி இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியிருக்கிறது. பணம் அவர்களுக்கு அங்கேதான் செலவாகும், அதனால் அள்ளி வாங்கினார்கள். நம் ஊரில் கரையான் தின்ற புத்தகம் இங்கே குளிர் அறையில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்கள் அப்பா வரிசையில் நின்று கொடுத்த காசு இதில் இருக்கிறது என்று இனிமேல் நினைத்துக்கொள்வேன்.

பதில்: ராஜகுரு

ஜான்சன் விஷயம் நான் சொன்னதைத்தானே காட்டுகிறது? பார்த்தீனியத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பதில்: கரிசல் வாத்தியார், கோவில்பட்டி

ராஜகுரு, ஜான்சன் விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. பார்த்தீனியம் பற்றி நானும் அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பிறகு திருத்திக்கொண்டேன். புனேயில் அந்தச் செடியைக் கண்டதாகப் பதிவானது 1955-ல். பி.எல். 480 ஒப்பந்தமோ 1956 ஆகஸ்டில். 1951-லேயே அமெரிக்கா 20 லட்சம் டன் தானியம் வாங்க 19 கோடி டாலர் கடன் கொடுத்தது, அதில் விதை கலந்து வந்திருக்கலாம் என்று வாதாடலாம். ஆனால் வேண்டுமென்றே அனுப்பினார்கள் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. பாழாய்ப்போன செடி என்பதில் நமக்குள் சண்டை இல்லை. என் தோட்டத்தில் வருடம் முழுக்கப் பிடுங்குகிறேன்.

பதில்: முத்துவேல், சங்கரன்கோவில்

ஐயா, ரொம்ப நன்றி. உங்கள் பதிலை ஆச்சிக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். கரண்டியைத் தட்டில் தட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "ஒட்டினது விழணும்ல, இல்லாட்டி கடைசிப் பிள்ளைக்குப் பத்தாது" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு சந்தேகம். கழுவிய பிறகு டின்னின் அடியில் துரு வருகிறது. படம் அழியாமல் எப்படி வைப்பது?

பதில்: கரிசல் வாத்தியார், கோவில்பட்டி

சாம்பல் போட்டோ நார் வைத்தோ தேய்த்துவிடாதீர்கள் தம்பி, இருக்கிற வண்ணமும் போய்விடும். நன்றாகக் காய்ந்ததும் பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு லேசாகத் துடையுங்கள், துரு உள்ள இடத்தில் கொஞ்சம் அதிகமாக. அடுப்பு ஆவி படாத பக்கம் வையுங்கள். உளுந்து போடலாம், உப்பு மட்டும் வேண்டாம். ஆச்சி எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைத்தார், எந்த வருடங்களில் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படிப்பார்கள்.