பதில் சொல்லாமல் விட்ட பொயின்ற்றை பொலிசி டிபேற் ஜட்ஜ் என்ன செய்யிறது?

வலிகாமம்_ரீச்சர்:
வணக்கம். எங்கட ஏ.எல் பிள்ளையளுக்கு அமெரிக்கன் பொலிசி டிபேற் பழக்கிறம், அங்கத்தை ஹைஸ்கூல் முறைதான், ரெண்டு பேருக்கு ரெண்டு பேர், முதல் நாலு பேச்சும் 8 நிமிசம், பிறகு ரிபட்டல், அதாவது மறுப்புப் பேச்சு, நாலும் 5 நிமிசம். போன கிழமை பயிற்சிச் சுற்றுக்கு நான்தான் ஜட்ஜ். அபேர்மற்றிவ் ரீம், அதாவது மாற்றம் வேணும் எண்டு வாதாடுற பக்கம், கொண்டு வந்த பிளான், யாழ்ப்பாணக் குடாநாட்டில இரசாயன உரத்தை அஞ்சு வருசத்தில படிப்படியா குறைக்கிறது. ஏன் எண்டா உரத்தின்ர நைத்திரேற் சுண்ணாம்புக்கல்லுக்கால இறங்கி கிணத்துத் தண்ணியில சேருது, உலக சுகாதார நிறுவனம் சொல்லுற லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டின கிணறுகள் இருக்கு எண்டு.

அதை எதிர்க்கிற நெகற்றிவ் ரீம் ஒரு டிஸ்அட்வான்ரேஜ், அதாவது பிளானால கெடுதல் வரும் எண்ட வாதம், போட்டவை. 2021 இல அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியா தடை செய்து, விளைச்சல் விழுந்து, நவம்பரில தடையைத் திருப்பி எடுத்தது, இந்தப் பிளானும் அங்கைதான் போய் நிக்கும், வெங்காயம் செய்யிற சனம் கடனில விழும் எண்டு. அதுக்கு அபேர்மற்றிவ் பிள்ளையள் ரெண்டாம் பேச்சிலயும் ஒண்டும் சொல்லேல்ல, முதல் ரிபட்டலிலயும் சொல்லேல்ல. ஆகக் கடைசிப் பேச்சில, நேரம் முடியேக்க, "2021 இல நடந்தது ஒரே நாளில நாடு முழுக்க, எங்கட பிளான் ஒரு மாவட்டம், அஞ்சு வருசம்" எண்டு ஒரு வரி. அது சரியான பதில் எண்டுதான் எனக்குப் படுது. ஆனா அதுக்குப் பிறகு நெகற்றிவுக்குப் பேச்சே இல்லை. முடிவு இன்னும் சொல்லேல்ல, ரெண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு நிக்குதுகள். யாருக்குக் குடுக்கிறது?

மிச்சிகன்_தயா:
ரீச்சர், நான் இஞ்ச பள்ளிக்கூட ரூர்ணமென்ற்றுகளில ஜட்ஜ் பண்ணுறனான். அந்தக் கடைசி வரியை எண்ணாதேங்கோ. கடைசி ரிபட்டலில புதுசா ஒரு வாதம் வந்தா மற்றப் பக்கத்துக்கு மறுக்க வழி இல்லை, அதை ஏத்துக்கொண்டா எல்லாரும் நல்ல பதிலை ஒளிச்சு வைச்சு கடைசியில எடுத்து விடத்தான் பாப்பினம். பதில் சொல்லாமல் விட்டது ஒத்துக்கொண்டதுதான், நெகற்றிவ் அதைத் தங்கட கடைசிப் பேச்சு வரைக்கும் கொண்டு வந்திருந்தா. உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கள் உள்ளுக்கை கொண்டு வந்தா பிறகு டிபேற் பண்ணுறது பிள்ளையள் இல்லை, நீங்கள்.

கோப்பாய்_வாசகன்:
எனக்கு இது மனசுக்கு ஒப்பேல்ல. எங்கட பட்டிமண்டபங்களில நடுவர் கடைசியில எழும்பி ரெண்டு அணியும் சொல்லாததையும் சேர்த்து அலசித்தான் தீர்ப்புச் சொல்லுவார், சனம் அதைக் கேக்கத்தான் இருக்கும். பிழையான ஒரு கதை பிழையெண்டு தெரிஞ்சும், மற்றவன் மறுக்கேல்ல எண்ட ஒரே காரணத்துக்காக வெல்ல விடுறதோ? பிள்ளையள் அதில என்ன படிக்குங்கள்?

மிச்சிகன்_தயா:
ஐயா, பட்டிமண்டபத்தில நடுவரும் ஒரு பேச்சாளர். இதில ஜட்ஜ் வாய் திறக்கிறது சுற்று முடிஞ்ச பிறகுதான்.

அளவெட்டி_ஃப்ளோ:
ரெண்டு பேரும் ஒரு விசயத்தை விட்டிட்டியள். பதில் இல்லாமல் விடுபட்ட வாதம் உண்மையா எடுபடும், சரி, ஆனா சொன்ன அளவுக்குத்தான் எடுபடும். காரணமே இல்லாத வாதத்துக்கு மற்றப் பக்கத்தின்ர மௌனம் காரணம் கண்டுபிடிச்சுக் குடுக்காது. அஞ்சு வருசம் எண்டது முதல் பேச்சில வாசிச்ச பிளானிலயே இருக்கு, அதை நீங்கள் பாக்கிறது தலையிடுறது இல்லை. அதால ரீச்சர், உங்கட ஃப்ளோ பேப்பரில, அதுதான் வாதங்களை வரிசையாக் குறிச்ச தாளில, அந்த டிஸ்அட்வான்ரேஜ் பத்தியை எடுத்து மேலயிருந்து கீழ வாசியுங்கோ. 2021 இல இப்பிடி நடந்தது எண்டு மட்டும் எழுதியிருக்கோ, இல்லாட்டி படிப்படியா செய்தாலும் அதுதான் நடக்கும் எண்டதுக்கு ஏதும் காரணம் எழுதியிருக்கோ? முதலாவது எண்டா அது பிளானோட ஒட்டவே இல்லை, பெரிசா எடுக்கத் தேவையில்லை. ரெண்டாவது எண்டா தயா சொல்லுறது சரி.

வலிகாமம்_ரீச்சர்:
இப்ப எடுத்துப் பாத்தன். நெகற்றிவின்ர ரெண்டாவது பிள்ளை "சேதனப் பசளை தேவையான அளவு இஞ்ச இல்லை, ஒரு நாளில நிப்பாட்டினாலும் அஞ்சு வருசத்தில நிப்பாட்டினாலும் இல்லாதது இல்லாததுதான்" எண்டு சொன்னது எழுதியிருக்கிறன். அவையின்ர கடைசி ரிபட்டலிலயும் இருக்கு, கடன் ஒரு போகத்திலயே வரும், கிணறு பழுதாகிறது மெல்ல மெல்ல எண்ட ஒப்பீட்டோட.

அளவெட்டி_ஃப்ளோ:
அப்ப நெகற்றிவுக்குத்தான். காரணமும் இருக்கு, எது முதல் வரும் எண்டு நிறுத்தும் பாத்திருக்கினம். அபேர்மற்றிவ் தண்ணி எவ்வளவு பெரிய பிரச்சினை எண்டு மட்டும்தானே சொன்னவை? கடனையும் தண்ணியையும் பக்கத்தில வைச்சுப் பாக்கேல்ல எண்டா அந்த வேலையை நீங்கள் செய்து குடுக்கேலாது. மற்றது, பேச்சுப் புள்ளி வேற, வெற்றி வேற. அபேர்மற்றிவ் பிள்ளையள் வடிவா கதைச்சிருந்தா 30 க்கு அவைக்குக் கூடப் போட்டிட்டு வெற்றியை நெகற்றிவுக்குக் குடுக்கலாம், முறையில அதுக்கு இடம் இருக்கு.

முடிவு சொல்லேக்க வெறும் பேர் மட்டும் சொல்லிப் போட்டு எழும்பாதேங்கோ. அந்த ஒரு வரியை ரெண்டாம் பேச்சிலயும், பசளை எங்கயிருந்து வரும் எண்ட பதிலை முதல் ரிபட்டலிலயும் சொல்லியிருந்தா வோட் மாறியிருக்கும் எண்டு தோத்த பிள்ளையளுக்கு ஃப்ளோவைக் காட்டிச் சொல்லுங்கோ.