மறு: ‘வெளிப்பாட்டுக் கோலம்’ போதுமா?

> ‘இயங்கு கோலம்’ என்றே வைப்போம், பிள்ளைகளுக்கு விளங்கும். கைனேசுக்கும் ஒரு தமிழ் வேண்டும்.

அன்பின் ஹற்றன் சேர்,

ஒரு பரம்பரையலகு (gene) உடலில் எங்கே, எப்போது வெளிப்படுகிறது என்பதைக் குறிக்கும் expression pattern-க்கு, ‘வெளிப்பாட்டுக் கோலம்’ வேண்டாம், ‘இயங்கு கோலம்’ என்கிறீர்கள், கைனேசுக்கும் தமிழ் கேட்கிறீர்கள். இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். ஏ.ரீ.பீ. (ATP) என்ற சக்தி மூலக்கூறிலிருந்து பொசுபேற்றை எடுத்து வேறொரு மூலக்கூறில் சேர்க்கும் நொதியம்தான் கைனேசு (kinase). அது கைனேசாகவே இருக்கட்டும். தம்பி ஒருவர் சொன்ன ‘பொசுபேற்றேற்றி’யை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கியதுதான் மிச்சம். பொசுபோரிலேசு (phosphorylase) என்ற நொதியமும் பொசுபேற்றைச் சேர்ப்பதுதான், ஆனால் ஏ.ரீ.பீ.யிலிருந்து எடுப்பதில்லை. ‘ஏற்றி’ என்றால் இரண்டும் குழம்பும்.

‘இயங்கு கோலம்’ சரிவராது. நீங்கள் அனுப்பிய சுண்டெலி முளையப் படத்தில் ஊதாவாகத் தெரிவது கிற் (Kit) என்ற பரம்பரையலகின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் ஆக்குவதற்கான நகல்) இருக்கும் இடம். அங்கே புரதம் உண்டானதா என்பதைக்கூட அந்தச் சாயம் சொல்லாது. கிற் புரதம் என்பது கல மேற்பரப்பில் நிற்கும் ஓர் ஏற்பி, அதன் உட்பகுதிதான் கைனேசு. அது உண்டானாலும், பக்கத்துக் கலங்கள் தரும் இணைவி (ஏற்பியில் பொருந்தும் மூலக்கூறு) வந்து ஒட்டி இரண்டு கிற் சோடி சேர்ந்தால்தான் கைனேசு வேலையைத் தொடங்கும். டபிள்யூ-42 என்ற விகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எலியில் கிற் புரதம் உண்டாகிறது, ஆனால் ஓர் அமினோ அமிலம் மாறியதால் கைனேசுத் தொழிற்பாடு போய்விட்டது. நிறக்கலங்களின் முன்னோடிகள் தப்பிப் பிழைக்கக் கிற் தேவை. ஆகவே அந்த எலியின் மயிர் பெரும்பாலும் வெள்ளை. வெளிப்பாடு இருக்கிறது, இயக்கம் இல்லை. இதை எந்தப் பெயரில் படிப்பிப்பீர்கள்?

‘கோலம்’ நமக்குப் புதிதல்ல, கீழ்வகுப்புக் கணிதத்திலேயே ‘எண் கோலங்கள்’ வந்துவிடுகின்றன. தமிழகத்து நண்பர்கள் வாசற்கோலத்தை நினைத்துச் சிரித்தால் சிரிக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தேயிலையையே காட்டலாம்: கஃபீன் ஆக்கும் நொதியத்தின் பரம்பரையலகு கொழுந்தில் நன்றாக வெளிப்படும், முற்றிய இலையில் குறையும். செடி ஒன்றுதான்.

எனக்கிருக்கும் குறை வேறு. கோலம் என்றதும் இடம் மட்டும்தான் மனதில் வருகிறது, முளையத்தில் காலமும் வேண்டும். கிற் உள்ள முதல்நிலைப் பாலணுக்கள் (பிற்பாடு முட்டையோ விந்தோ தரும் கலங்கள்) சுண்டெலி முளையத்தின் 9.5ஆம் நாளில் பின்குடலில் இருக்கும். 11.5ஆம் நாளில், பிற்பாடு சூலகமோ விதையோ ஆகப்போகும் மேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். (அந்த .5 என்னவென்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். எலிகள் இரவில் கூடும், மறுநாள் நண்பகலை 0.5 என்று வைத்து எண்ணுகிறார்கள்.) அதனால் தலைப்பில் ‘வெளிப்பாட்டுக் கோலம்’, முதல் வரியில் ‘கால-இட வெளிப்பாட்டுக் கோலம்’, ஒவ்வொரு படத்தின் கீழும் நாள். இப்படித்தான் குறிப்பை அடிக்கப்போகிறேன்.

அப்புறம், ‘இயங்கு கோலம்’ நல்ல சொல், எறிந்துவிட வேண்டாம். பொசுபரேற்றம் பெற்ற, அதாவது வேலையைத் தொடங்கிவிட்ட கிற்றை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியால் சாயமிட்ட படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், அதற்குக் கீழே போடலாம்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து