ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர்: மன்றம் கேட்டவரா, மேலிடம் அனுப்பியவரா?

புது உறுப்பினர்:

உள்ளாட்சி மன்றத்துக்கு நான் தேர்வாகி ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் செயலாளர் பதவி எட்டு மாதமாகக் காலி. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் பொறுப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவரையே நிரந்தரமாகப் போடுங்கள் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு அனுப்பினோம். பதில் வரவில்லை. பதிலுக்கு ஆள் வந்துவிட்டார்.

போன திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் அதிகாரி, நியமன ஆணையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தலைவர் அவரைப் பொறுப்பேற்க விடவில்லை. வருகைப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் தாழ்வாரத்து பெஞ்சில் அந்த அம்மா மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். மடியில் கைப்பை. மதியம் எழுந்து போகிறார், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருகிறார்.

வெள்ளிக்கிழமை அவசரக் கூட்டம். "மேலிடம் அனுப்பியவரை இம்மன்றம் ஏற்காது" என்று தீர்மானம் வரப்போகிறது. உரிமை என்று பார்த்தால் தலைவர் சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அந்த பெஞ்சைக் கடந்து போகும்போதெல்லாம் என்னவோ செய்கிறது. கை தூக்குவதா, வேண்டாமா? இந்த மாதிரிச் சண்டை வேறு எங்கெல்லாம் நடந்திருக்கிறது, கடைசியில் என்ன ஆனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கறார்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கை தூக்குங்கள். ஓட்டு வாங்கி வந்தது நீங்கள். நாளைக்கு வேலை நடக்கவில்லை என்றால் மக்கள் சட்டையைப் பிடிக்கப்போவது உங்களைத்தான், மேலே உட்கார்ந்து ஆணை அடித்தவரை அல்ல. பதில் சொல்ல வேண்டியவனுக்குத் தன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லையென்றால் அப்புறம் எதற்கு மன்றம், எதற்குத் தேர்தல்?

பழைய தலைமை எழுத்தர்:

அம்மா, நான் முப்பத்தொரு வருடம் உள்ளாட்சி அலுவலகங்களில் இருந்தவன். சட்டப் புத்தகத்தைவிடப் பதிவேடுகள்தான் எனக்குப் பழக்கம். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட மாதிரியே ஒரு கதை 1930இல் அயர்லாந்தில் நடந்தது. மேயோ என்கிற மாவட்டத்துக்கு ஒரு நூலகர் தேவைப்பட்டார். அதற்கு நாலு வருடம் முன்னால், 1926இல், அந்த நாட்டு அரசு உள்ளாட்சி வேலைகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு தனி ஆணையம் வைத்திருந்தது. கவுன்சில்காரர்கள் மச்சானையும் மருமகனையும் வேலையில் போடுகிறார்கள் என்ற புகார்தான் காரணம். (புகார் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.) இனிமேல் ஆணையம் பெயர் சொல்லும், கவுன்சில் நியமிக்கும் என்று ஏற்பாடு. கையெழுத்து கவுன்சிலுடையது, ஆளைத் தேர்ந்தெடுப்பது அதன் கையில் இல்லை.

ஆணையம் சொன்ன பெயர் லெட்டிஷியா டன்பார் ஹாரிசன். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர், புராட்டஸ்டன்ட். மேயோ கத்தோலிக்கர்கள் நிறைந்த மாவட்டம். நூலகக் குழு முடியாது என்றது, கவுன்சிலும் முடியாது என்றது. வெளியே சொன்ன காரணம் அவருக்கு ஐரிஷ் மொழி போதாது என்பது. உள்ளே இருந்த காரணம் எல்லோருக்கும் தெரியும். காஸ்கிரேவ் தலைமையில் இருந்த அந்த நாட்டு அரசு விட்டுக்கொடுக்கவில்லை. 1930 டிசம்பர் 31ஆம் தேதி கவுன்சிலையே கலைத்துவிட்டு, அதன் இடத்தில் நிர்வாகம் பார்க்க ஒரு ஆணையரை உட்கார வைத்தது. அவர் முதல் வேலையாக அந்த அம்மாவை நியமித்தார்.

மேலிடம் ஜெயித்தது என்றுதானே நினைப்பீர்கள்? மக்கள் நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். கிளை நிலையங்கள் புத்தகப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. ஒரு வருடம் போல இப்படி ஓட்டிவிட்டு, 1932 தொடக்கத்தில் அரசே அவரை டப்ளினில் பாதுகாப்புத் துறை நூலகத்துக்கு மாற்றிக்கொண்டது. கவுன்சில் போயிற்று, நூலகம் படுத்தது, கடைசியில் நூலகரும் அங்கே இல்லை. இத்தனைக்கும் அவர் செய்த தப்பு ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டதுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் இளநிலை எழுத்தராக இருந்த ஒரு மன்றத்தில் ஒரே பதவிக்கு இரண்டு பேர், இரண்டு பேரிடமும் ஆணை. ஒருவர் மன்றத் தீர்மானத்தின் பேரில் இருந்தவர், இன்னொருவர் மேலிருந்து வந்தவர். முதலாமவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாமவர் அதைவிடக் கெட்டிக்காரர், வந்த அன்றே அலுவலக முத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஒருவர் எழுதிய கடிதத்தில் முத்திரை இருக்காது. இன்னொருவரிடம் முத்திரை இருக்கிறது, கோப்பு இல்லை. தபால் பதிவேட்டில் ஒரு மாதம் இரண்டு கையெழுத்து விழுந்தது. நாங்கள் காலையில் யாருக்கு முதல் வணக்கம் போடுவது என்று தெரியாமல் பின்வாசல் வழியாகப் போய் உட்காருவோம்.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போனது. மாதிரிக் கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. நாற்பத்தொரு பேருக்குச் சம்பளம் இல்லை, அதில் பாதிக்கு மேல் துப்புரவுப் பணியாளர்கள். ஐந்தாம் தேதி அவர்கள் துடைப்பத்தோடு வந்து தலைவர் அறை வாசலில் உட்கார்ந்தார்கள். அன்று மாலையே சண்டை முடிந்தது. தீர்மானமும் முடிக்கவில்லை, நீதிமன்றமும் முடிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். நியமன ஆணையில் யார் கையெழுத்து என்று எல்லோரும் மல்லுக்கு நிற்பார்கள். நான் வேறு மூன்று பார்ப்பேன். இவரை நாளைக்கு யார் வேறு ஊருக்குத் தூக்கியடிக்கலாம்? இவருடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை யார் எழுதுவார்? சம்பளப் பட்டியலை யார் பாஸ் செய்வார்? இந்த மூன்றும் யாரிடமோ, அதிகாரி அவருடைய ஆள். நீங்கள் கேட்ட அந்த நல்ல மனிதரே நிரந்தரமாக வந்தாலும் ஆறு மாதத்தில் அவர் தொலைபேசி மணி அடித்தால் எந்தப் பக்கம் பார்த்து எழுந்து நிற்கிறார் என்று கவனியுங்கள்.

முற்றம்:

எழுத்தர் ஐயா சொல்வதற்கு இலங்கையில் ஒரு நேரடி உதாரணம் இருக்கிறது. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. விக்னேஸ்வரன் முதலமைச்சர். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வு பெற்றவர். (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்கிறார்களே, அது.) ஆளுநர் சந்திரசிறி, ஓய்வு பெற்ற இராணுவ மேஜர் ஜெனரல், ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர்.

1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், பிரதம செயலாளரை (இந்தியாவில் தலைமைச் செயலாளர் மாதிரி) முதலமைச்சரின் இணக்கத்தோடு ஜனாதிபதி நியமிப்பார் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலமைச்சர் வந்தபோது அந்தக் கதிரையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவரை மாற்றச் சொல்லிக் கேட்டார், மாற்றவில்லை. "இணக்கம்" என்பது வருகிறவருக்குத்தான், இருக்கிறவரை எழுப்புவதற்கு அந்தச் சொல்லில் இடம் கிடைக்கவில்லை. மாகாண அலுவலர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அதே சட்டத்தில் ஆளுநரின் கையில்.

பிறகு முதலமைச்சர் ஒரு சுற்றறிக்கை அனுப்ப, பிரதம செயலாளரே தன் உரிமை மீறப்படுகிறது என்று வழக்குப் போட்டார். 2014 ஓகஸ்டில் தீர்ப்பு முதலமைச்சருக்கு எதிராக வந்தது. யோசித்துப் பாருங்கள், ஓய்வு பெற்ற நீதியரசர் தான் அமர்ந்திருந்த அதே உயர் நீதிமன்றத்தில் எதிர்மனுதாரர்.

எப்போது தீர்ந்தது? 2015 ஜனவரியில் ஜனாதிபதி மாறினார். ஆளுநராக பாலிஹக்கார, ஒரு முன்னாள் இராஜதந்திரி, வந்தார். பிரதம செயலாளரும் மாறினார். சட்டத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அதனால் "உங்கள் உரிமை என்ன" என்று சட்டத்தைப் புரட்டுவதோடு, மேலே இருப்பவர்களுக்கு உங்களோடு ஒத்துப்போக ஏதாவது காரணம் இருக்கிறதா என்றும் பாருங்கள் சகோதரி.

கறார்:

இரண்டு பேரும் சேர்ந்து மன்றத்தைச் சும்மா இருக்கச் சொல்கிறீர்கள். எதிர்க்காமல் எந்த உரிமை வந்திருக்கிறது?

பெல்ஜியத்தில் லின்கபீக் என்று ஒரு சின்ன ஊர். பிரெஞ்சு பேசுகிறவர்கள் அதிகம், ஆனால் ஊர் இருப்பது பிளாண்டர்ஸ் என்கிற டச்சு மொழிப் பகுதியில். 2006 தேர்தலுக்கு வாக்காளர் அழைப்பைப் பிரெஞ்சிலும் அனுப்பினார்கள் என்று, அந்த ஊரோடு சேர்த்து மூன்று ஊர்களின் மேயர்களை நியமிக்க மாட்டேன் என்று பிளாண்டர்ஸ் அரசின் அமைச்சர் 2007இல் மறுத்தார். மக்கள் தேர்ந்தெடுத்தாலும் அங்கே நியமன ஆணை மேலிருந்துதான் வர வேண்டும். லின்கபீக் மன்றம் அசையவில்லை. டாமியன் தியெரி பொறுப்பு மேயர் என்ற பெயரிலேயே வருடக்கணக்காக ஊரை நடத்தினார். எதிர்த்து நின்றதால்தானே அவரால் அப்படி நடத்த முடிந்தது?

பழைய தலைமை எழுத்தர்:

நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே மேலிடம் செய்தது ஆணை கொடுக்காமல் இருந்தது. இங்கே ஆணையோடு ஒரு ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். காலி நாற்காலியில் நம் ஆளை உட்கார வைத்துச் சமாளிக்கலாம். வந்தவரை வாசலில் நிறுத்தி வைத்துச் சமாளிப்பது கஷ்டம்.

எதிர்க்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? டெல்லியைப் பாருங்கள். 2015 மே மாதம், தலைமைச் செயலாளர் கொஞ்ச நாள் விடுப்பில் போனார். அந்தக் கொஞ்ச நாளுக்கு யார் பொறுப்பு என்பதில் முதல்வருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் முட்டிக்கொண்டது. பொறுப்பு ஆணை பிறப்பித்த அதிகாரியின் அறையை முதல்வர் தரப்பு பூட்டியது. உங்கள் தலைவர் பதிவேட்டைப் பூட்டியது மாதிரித்தான். பூட்டியதால் என்ன வந்தது? சில நாளில், மே 21ஆம் தேதி, அதிகாரிகள் விஷயமே டெல்லி அரசுக்குக் கிடையாது என்று உள்துறை அமைச்சகம் அறிவிப்பு போட்டது. ஒரு நாற்காலிக்காக ஆரம்பித்ததில் எல்லா நாற்காலியும் போனது.

ஆனால் அதற்கப்புறம் விடாமல் வழக்கு நடத்தினார்களே, அது எதிர்ப்பு. 2023 மே 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமித்து அவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது.

கறார்:

மிச்சத்தையும் சொல்லுங்கள். எட்டு வருட வழக்கு, எட்டு நாள் வெற்றி. மே 19ஆம் தேதி அவசரச் சட்டம். அதிகாரிகளின் நியமனம், இடமாற்றத்துக்கு மூன்று பேர் குழு, முதல்வர்தான் தலைவர், மற்ற இரண்டு பேரும் அதிகாரிகள், பெரும்பான்மைப்படி முடிவு. அதாவது முதல்வரை அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களே ஓட்டுப் போட்டுத் தோற்கடிக்கலாம். அதற்கும் மேலே கடைசி வார்த்தை துணைநிலை ஆளுநருக்கு. ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். இதைப் பார்த்த பிறகும் சட்டப்படி போங்கள் என்கிறீர்களா?

பழைய தலைமை எழுத்தர்:

என்கிறேன். கோபம் எனக்கும் உண்டு தம்பி. ஆனால் அந்தக் கோபத்தை அந்த அம்மா மேல் காட்டுவானேன்?

உறுப்பினர் அம்மாவுக்கு: வெள்ளிக்கிழமைத் தீர்மானத்தில் "ஏற்காது" என்ற சொல்லை எடுக்க வைக்கப் பாருங்கள். "இம்மன்றத்தின் முந்தைய தீர்மானத்துக்குப் பதில் அளிக்காமல் செய்யப்பட்ட நியமனத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கப்படுகிறது, காரணம் எழுத்தில் கோரப்படுகிறது" என்று போடுங்கள். பழைய தீர்மானத்தின் எண், தேதி, அனுப்பிய தபால் ஒப்புகை மூன்றையும் உள்ளே குறிப்பிடுங்கள். வந்தவரைப் பணியேற்க விடுங்கள், "ஆட்சேபத்துக்கு உட்பட்டு" என்று பணியேற்பு அறிக்கையின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வார்த்தைதான் பின்னால் வழக்குக்குப் போனால் பேசும். பெஞ்சில் உட்கார வைத்தது பேசாது, பேசினால் உங்களுக்கு எதிராகப் பேசும்.

இன்னொன்று. அந்த ஆணையின் அடியில் "நகல்" என்று போட்டு ஒரு வரிசை இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். அதில் கருவூலத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால், இந்த மாதச் சம்பளப் பட்டியலில் யார் கையெழுத்து செல்லும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

புது உறுப்பினர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று போய் அந்த அம்மாவிடம் ஆணையைக் கேட்டேன். சந்தேகமாகத்தான் கொடுத்தார், உறையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார். பேச்சுவாக்கில் சொன்னார், இந்த இடத்தை அவர் கேட்கவே இல்லையாம், மூன்று வருடத்தில் இது நாலாவது மாற்றமாம்.

நகல் வரிசையில் ஐந்து பெயர். கருவூலம் மூன்றாவது. தலைவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பதில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டார்.