தோல் ஆலைகளுக்குக் காற்றாலை மின்சாரம்: தெற்கே பங்கு வாங்குவதா, கூரையில் சோலார் போடுவதா?

ராணிப்பேட்டைவாசி:

வணக்கம். எங்கள் பகுதியில் நான்கைந்து தோல் ஆலைகள் ஒன்றுசேர்ந்து, திருநெல்வேலிப் பக்கம் அமையவிருக்கும் காற்றாலைகளில் பங்கு வாங்கலாமா என்று பேசி வருகின்றன. வாங்க வேண்டும் என்பதே என் கருத்து. வேலூர் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் எந்த ஆலையும் இயங்க முடியாது. பாலாற்றங்கரைக் கிணறுகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பின் நியாயத்தை மறுக்க மாட்டார்கள். ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டும் புளோயர்களும் ஆர்.ஓ. (சவ்வின் வழியே உப்பை வடிகட்டும்) பம்புகளும் இரவு பகலாக ஓட வேண்டியிருக்கிறது. ஆலைக்குள் தோல் பதனிடும் டிரம்களும் இரவில் சுற்றுகின்றன. உயர் அழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் கட்டிக்கொண்டு இதையெல்லாம் எத்தனை காலம் நடத்த முடியும்? பகலில் மட்டும் கிடைக்கும் சூரிய மின்சாரம் இதற்குப் போதாது.

ஏலகிரி மைந்தன்:

தங்கள் நோக்கம் சரியானதே. ஆனால் பணத்தைத் தெற்கே கொண்டுபோய்ப் போடுவானேன்? நம் மாவட்டங்களிலேயே ஏலகிரியும் ஜவ்வாது மலையும் இருக்கின்றன. மலை உச்சியில் காற்றுக்குப் பஞ்சமில்லை என்பது அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். காற்றாலை இங்கேயே அமைந்தால் நம் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும். மின்சாரத்தை 500 கிலோமீட்டர் கடத்தி வரும் செலவும் மிஞ்சும். அவ்வளவு பெரிதாக வேண்டாம் என்றால் ஒவ்வோர் ஆலையின் கூரையிலும் 5 கிலோவாட் சிறு காற்றாலைகளை நிறுவலாம்.

காட்பாடிப் பொறியாளர்:

ஏலகிரி நண்பரின் ஊர்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் காற்றாலை விஷயத்தில் இயந்திரத்தைவிட இடமே வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்காகும். அந்த ஆற்றலிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். காற்று முழுவதையும் தடுத்து நிறுத்திவிட்டால் பின்னால் வரும் காற்று இறக்கையின் ஊடே போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதே அதற்குக் காரணம். இப்போது தாங்கள் சொன்ன 5 கிலோவாட் இயந்திரத்துக்கு வருவோம். 5 மீட்டர் விட்டமுள்ள சுழலி, காற்று வினாடிக்கு 11 மீட்டர் வேகத்தில் வீசும்போதுதான் அந்த 5 கிலோவாட்டைத் தரும். அதே இயந்திரம் 4 மீட்டர் வேகத்தில் தருவது சுமார் 240 வாட் மட்டுமே. விளம்பரத்தில் அச்சிடுவது முதல் எண்ணை. கூரையில் நாம் காணப்போவது பெரும்பாலும் இரண்டாவது எண்ணை. போதாக்குறைக்கு, ஊருக்குள் கட்டடங்களும் மரங்களும் காற்றைக் குலைத்துச் சுழல வைப்பதால் இயந்திரம் நிலையாகச் சுற்றாது, தாங்கிகளும் (பேரிங்) விரைவில் தேயும்.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் நிலை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையால் தடுக்கப்படும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிகளின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுத்து வருகிறது. 1980களில் தூத்துக்குடி அருகே தொடங்கி, முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் என்று காற்றாலைகள் பரவியதும், இன்று தமிழ்நாட்டின் காற்றாலை நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதும் அந்தக் காற்றால்தான். நம் பக்கத்து மலைகள் அந்தப் பாதையில் இல்லை.

மலையுச்சியில் தனியாகக் காற்று நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், இன்றைய இறக்கை ஒன்றின் நீளம் 60 மீட்டர். ஏலகிரிச் சாலையின் 14 கொண்டையூசி வளைவுகளில் அதை ஏற்றிச்செல்ல வழியில்லை. ஜவ்வாது மலையில் காட்டு நிலம் என்ற தடையும் உண்டு. காவலூர் வானாய்வகம் இருக்கும் மலை அது என்பதால், கோபுரங்களின் எச்சரிக்கை விளக்குகளை அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வராது.

ஏலகிரி மைந்தன்:

தங்கள் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது, ஐயா. சராசரி 4 மீட்டர் என்றால் எப்போதும் 4 மீட்டரே வீசும் என்று பொருளல்ல. சில மணி நேரம் 2, சில மணி நேரம் 8 என்று மாறும்போது, மும்மடி விதியின்படி அந்த வேகமான நேரங்கள் பெரும் பங்கு ஆற்றலைத் தருமே?

காட்பாடிப் பொறியாளர்:

நல்ல கேள்வி. வழக்கமான காற்றுப் பரவலில், சராசரி வேகத்தை வைத்துப் போடும் கணக்கைப் போல ஏறத்தாழ 1.9 மடங்கு ஆற்றல் காற்றில் இருக்கும். அதை முழுமையாகச் சேர்த்தாலும் ஆண்டுக்கு 4,000 யூனிட் அளவில்தான் நிற்கும். நம் வெயிலில் அதே 5 கிலோவாட் சோலார் தகடுகள் 7,000 யூனிட் தந்துவிடும். எனவே கூரைக்கு ஏற்றது சோலார்தான். என் ஆதரவு, கணவாய்ப் பகுதியில் நிற்கும் பெரிய காற்றாலைக்கு மட்டுமே.

வாலாஜா மாணவி:

பொறியாளர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். காற்று கூடினால் மின்சாரம் கூடும் என்றால், புயற்காற்றில் காற்றாலையை ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

காட்பாடிப் பொறியாளர்:

கூடுவதற்கு ஓர் எல்லை வைத்தே இயந்திரத்தை வடிவமைக்கிறார்கள், அம்மா. வினாடிக்கு 3 மீட்டர் அளவில் இயந்திரம் உற்பத்தியைத் தொடங்கும்; 11 அல்லது 12 மீட்டரில் முழுத் திறனை எட்டும். அதற்கு மேல் வரும் காற்றை, இறக்கைகளைத் தம் அச்சில் திருப்பி வழுக்கிப்போகச் செய்துவிடுவார்கள். 25 மீட்டரை நெருங்கினால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். ஆண்டில் சில மணி நேரமே வீசும் அந்தக் காற்றுக்காகக் கோபுரத்தையும் கியர்பாக்ஸையும் பல மடங்கு வலுவாகச் செய்தால், அந்தச் செலவு திரும்பி வராது. பெரிய சுழலி நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சுற்றும். வழக்கமான ஜெனரேட்டருக்கு 1,500 சுற்று வேண்டும். இந்த நூறு மடங்கு வேறுபாட்டைச் சுமப்பது கியர்பாக்ஸ் என்பதால், அது பழுதடைந்தால் வரும் செலவுதான் காற்றாலை முதலாளிகளைத் தூங்கவிடாத செலவு. கியர்பாக்ஸே இல்லாத வடிவங்களும் உண்டு. அவற்றில் ஜெனரேட்டர் மிகவும் கனமாக இருக்கும்.

ஆம்பூர்க் கணக்கர்:

தொழில்நுட்பத்தில் எனக்கு மறுப்பில்லை. பணக் கணக்கில் உண்டு. ஒரு மெகாவாட்டுக்கு 8 கோடி ரூபாய் முதலீடு என்று வைத்துக்கொள்வோம். திறன் பயன்பாடு, அதாவது ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் உண்மையில் கிடைக்கும் பங்கு, 25 விழுக்காடு என்றால் ஆண்டு உற்பத்தி 21.9 லட்சம் யூனிட். முதலீட்டில் 70 விழுக்காட்டை, அதாவது 5.6 கோடியை, 10 விழுக்காடு வட்டிக்குக் கடனாக வாங்கினால், முதலாண்டு வட்டி மட்டும் 56 லட்சம். யூனிட்டுக்கு 2 ரூபாய் 56 காசு. அசலைத் திருப்புவது, பராமரிப்பு, காப்பீடு, நில வாடகை எல்லாம் இதற்கு மேல். காற்றுக்கு விலையில்லை என்று சொல்லி விற்க வருபவர்கள், காற்றாலையின் மின்சார விலையில் பெரும்பகுதி வட்டியும் அசலும்தான் என்பதைச் சொல்வதில்லை.

அரசுக்கு விற்கும் விலை ஒரே ஆண்டில் எப்படி இறங்கியது என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டில் யூனிட்டுக்கு 4 ரூபாய் 16 காசு என்றிருந்த நிலையில், 2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் 3 ரூபாய் 46 காசுக்கும், அவ்வாண்டு டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 காசுக்கும் விலை கேட்டார்கள். நாளை நம் குழுவால் மின்சாரத்தைப் பயன்படுத்த முடியாமல் போய், வெளியே விற்க நேர்ந்தால் நாம் போட்டியிட வேண்டியது இத்தகைய விலைகளோடுதான்.

ராணிப்பேட்டைவாசி:

கணக்கர் ஐயா ஒப்பிடுவது மொத்த விற்பனை விலையை. எங்களுக்கு மிச்சமாவது மின்வாரியத்துக்குக் கட்டும் 7 ரூபாய். வட்டி, அசல், வாரியத்தின் கம்பிகள் வழியே மின்சாரத்தைக் கொண்டுவருவதற்கான வீலிங் கட்டணம், கடத்தல் இழப்பு எல்லாம் போக, யூனிட்டுக்கு ஒரு ரூபாய் மிஞ்சினாலும் எங்களைப் போன்ற சிறு ஆலைக்கு அது பெரிய தொகை. வாரியம் அல்லாத இடத்திலிருந்து மின்சாரம் பெற, முன்பு பெரிய இணைப்புகளுக்கு மட்டுமே இருந்த வாய்ப்பை, 2022இல் மத்திய அரசு வெளியிட்ட பசுமை மின்சார விதிகள் 100 கிலோவாட் வரை இறக்கியிருக்கின்றன.

காட்பாடிப் பொறியாளர்:

கணக்கர் போட்ட அதே கணக்கில் 25 என்ற இடத்தில் 30 விழுக்காட்டை வைத்துப் பாருங்கள். உற்பத்தி 26.28 லட்சம் யூனிட்டாகும். வட்டிச் சுமை 2 ரூபாய் 13 காசாக இறங்கும். நல்ல இடமும் உயர்ந்த கோபுரமும் இதைச் செய்துவிடும். 50 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்குப் போனால், திறந்த வெளியில் காற்றின் வேகம் சுமார் 10 விழுக்காடு கூடும். ஆற்றலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். முப்பந்தலில் மிகச் சிறந்த காற்றுள்ள இடங்களைத் தொண்ணூறுகளில் நிறுவிய 225, 250 கிலோவாட் குட்டி இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவும் திட்டத்தில் பங்கு கிடைத்தால், புதிய இடத்தைவிட அதையே தேர்ந்தெடுங்கள்.

ஆம்பூர்க் கணக்கர்:

காற்று எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அஞ்சுவது 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகளில் உள்ள நிபந்தனைக்குத்தான். குழுவாகச் சொந்தப் பயன்பாட்டுக்கு என்று பதிவுசெய்தால், உறுப்பினர்கள் சேர்ந்து காற்றாலையில் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டையாவது தாங்களே, அதுவும் பங்கு விகிதத்துக்கு ஏற்ப, பயன்படுத்த வேண்டும். அது தவறினால் சொந்தப் பயன்பாடு என்ற தகுதியே போய், குறுக்கு மானியக் கூடுதல் கட்டணத்தை, அதாவது மற்றவர்களுக்கான மானியத்தை ஈடுகட்ட வெளியே மின்சாரம் வாங்குவோரிடம் வசூலிப்பதை, கட்ட நேரிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்களின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது ஏற்றுமதி ஆர்டர்கள் என்ன பாடுபட்டன என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தில் ஓர் ஆலை ஆறு மாதம் மூடிக்கிடந்தால், மற்ற நான்கும் அதன் சுமையை ஏற்க நேரும்.

காற்றும் மே முதல் செப்டம்பர் வரைதான் கொட்டுகிறது. அந்த மிகுதியை வாரியத்தின் கணக்கில் வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதி பழைய இயந்திரங்களுக்கு ஆண்டு முழுவதற்கும் இருந்தது. 2018க்குப் பின் வந்தவற்றுக்கு அதைக் குறுக்கிவிட்டார்கள். இரவு மின்சாரத்துக்காகக் காற்றாலை என்கிறார் ராணிப்பேட்டை நண்பர்; ஜனவரி இரவில் அவருடைய புளோயரை எந்தக் காற்று ஓட்டும்? கேட்புத் திறனுக்கான (வாரியத்திடம் நாம் கேட்டு வைத்திருக்கும் உச்ச அளவுக்கான) மாதக் கட்டணமும் இதனால் ஒரு காசு குறையாது. கூரையில் போடும் சோலாருக்கு வீலிங் கட்டணம் இல்லை, கூட்டாளியும் இல்லை. பகல் பயன்பாட்டையாவது அது உறுதியாகக் குறைக்கும்.

ராணிப்பேட்டைவாசி:

ஜனவரி இரவுக்கு வாரியத்திடமே வாங்குவோம். ஆண்டின் ஐந்து மாதங்களில் இரவுச் செலவு குறைந்தால் போதும் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு. ஆனால் ஓர் ஆலை நின்றுபோனால் கூடுதல் கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு ஒப்பந்த வரைவில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்பேன்.

காட்பாடிப் பொறியாளர்:

அதோடு, விற்பனையாளர் காட்டும் சராசரி உற்பத்தி மதிப்பீட்டை மட்டும் பார்க்காமல், பத்தில் ஒன்பது ஆண்டுகள் எட்டக்கூடிய குறைந்த மதிப்பீட்டையும், பக்கத்து இயந்திரங்களின் மாதவாரி உற்பத்தியையும் எழுத்தில் வாங்குங்கள். உற்பத்தி மிகுந்த நாள்களில் மின்தொகுப்பு ஏற்காமல் நிறுத்தச் சொன்ன மணி நேரங்களும் அதில் இருக்க வேண்டும். குழுவின் மொத்தத் தேவையில் பாதியை எட்டும் அளவுக்கு மட்டும் பங்கு எடுத்தால், ஓர் ஆலை நின்றாலும் மற்றவை அந்த யூனிட்டுகளைப் பயன்படுத்திவிட முடியும். பங்கு விகிதத்தையும் அதற்கேற்ப ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்க் கணக்கர்:

பாதி என்றால் என் எதிர்ப்பும் பாதியாகிறது, முழுமையாகப் போகவில்லை. அந்தக் குறைந்த மதிப்பீட்டை வைத்துக் கடன் தவணையைக் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், அதே பணத்தில் முதலில் கூரைகளை நிரப்புங்கள்.