அலை நுரைக்குள் இருக்கும் குமிழ்களை எப்படி அளக்கிறார்கள்?

ஹட்டன்_பொடியன்:
உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். கடல் அலை உடையும்போது தண்ணிக்குள் போகும் காற்றுக் குமிழ்களின் அளவு, இதுதான் என் செயற்றிட்டம். கடலுக்குப் போய்வர முழு நாள் வேணும், அதனால் எங்கள் தோட்ட லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) கீழே ஓடும் ஆற்றிலேயே செய்யலாமா? போனில் வீடியோ எடுத்தால் வெள்ளை நுரை தவிர ஒன்றும் தெரியவில்லை, எப்படி எண்ணுவது?

மீடிறன்:
எண்ண வேணாம் தம்பி, கேளுங்க. குமிழ் உருவாகும் கணத்தில் சுருங்கி விரிந்து மணி மாதிரி ஒலிக்கும். அந்த ஒலியின் மீடிறனை (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதை) வைத்துக் குமிழின் அளவைச் சொல்லலாம். அதற்கு மினார்ட் என்ற விஞ்ஞானி 1933இலேயே சமன்பாடு கொடுத்துவிட்டார்: நீர்மட்டத்துக்கு அருகே 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள குமிழுக்குச் சுமார் 3.3 கிலோஹேர்ட்ஸ், ஆரை பத்தில் ஒன்றானால் மீடிறன் பத்து மடங்கு. ஆனால் புதுக் குமிழ்தான் சத்தம் போடும், உடனே அடங்கிவிடும். அடங்கினதைப் பிடிக்க, ஆய்வாளர்கள் பல மீடிறன்களில் ஒலியை அனுப்பி எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறார்கள்; ஒவ்வொரு அளவுக் குமிழும் தன் மீடிறன் ஒலியைத்தான் அதிகம் உறிஞ்சும்.

கமரா_கிறுக்கன்:
ஒலி மட்டும் போதாது அண்ணே. அலை உடைந்த முதல் செக்கனில் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போடும், எது எதுவென்று பிரிப்பது பெரும்பாடு. அங்கே அதிவேகக் கமராதான். கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் கிராண்ட் டீன், டேல் ஸ்டோக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் அப்படித்தான் பார்த்தார்கள்: சுமார் 1 மில்லிமீற்றர் ஆரை ஒரு எல்லை, அதைவிடப் பெரிய குமிழ்களை நீரின் கொந்தளிப்பு கிழித்துப்போடுகிறது, அதனால் அளவு கூடக்கூட எண்ணிக்கை சடாரென்று குறைகிறது. மொத்தக் காற்று எவ்வளவு என்று மட்டும் தெரிய வேண்டுமா? மின்கடத்தலை அளந்தால் போதும், உப்புத்தண்ணி கடத்தும், காற்று கடத்தாது.

தலவாக்கலை_டீச்சர்:
மகன், ஆறு வேணாம். நன்னீரில் குமிழ்கள் முட்டினால் சட்டென்று ஒன்றாகிவிடும், உப்பு அதைத் தடுக்கும், கடல் நுரையில் பொடிக் குமிழ் அதிகம் இருப்பதற்கு அது ஒரு காரணம். இரண்டு கண்ணாடித் தொட்டி எடுங்க, ஒன்றில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு, ஒரே உயரத்திலிருந்து தண்ணி ஊற்றுங்க. பின்னால் வெளிச்சம், ஸ்லோ மோஷன். அடிமட்டம் (ரூலர்) தொட்டிக்குள்ளே, குமிழ் வரும் இடத்திலேயே நிற்கணும், கண்ணாடிக்கு வெளியே ஒட்டினால் அளவு பிழையாகிவிடும்.

ஹட்டன்_பொடியன்:
சரி டீச்சர். சத்தத்தையும் போனிலேயே பதியலாமா?

மீடிறன்:
பதியலாம். போன் 20 கிலோஹேர்ட்ஸ் வரை பதிந்தால், ஆரை 0.16 மில்லிமீற்றருக்குக் கீழே உள்ளது தப்பிவிடும், அதை அறிக்கையில் எழுதுங்க. தொட்டிக்கும் சொந்த ஒலி உண்டு, முதலில் விரலால் தட்டிப் பதிந்து வைங்க, பிறகு அதைக் குமிழ் ஒலியோடு குழப்ப மாட்டீங்க.